டிரிப்பர் விழுகிற வீடு

எங்கள் வீட்டு ஏசி ஓடிய நேரத்தைவிட அதைப் பற்றி நாங்கள் பேசிய நேரம்தான் அதிகம். துபாய் வேலையை முடித்துக்கொண்டு அப்பா ஊருக்கே வந்துவிட்ட வருசம் வாங்கியது. கருங்கல் பக்கத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் ஏசி. ரிமோட்டை அழுத்தினால் குளிரும். அப்பாடா என்று பாயை விரித்தால் போர்டில் 'டக்' என்று அதன் டிரிப்பர் விழுந்து கரண்டை வெட்டிவிடும். தூக்கிவிட்டால் கொஞ்சம் ஓடும். திரும்பவும் 'டக்'.

யாராவது மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அம்மா வாயெடுத்தாலே அப்பாவுக்கு முகம் மாறிவிடும். துபாயில் அவருக்கு ஏசி கம்பெனியில் வேலை. அங்கே எத்தனையோ கட்டிடத்துக்கு ஏசி வைத்தவர் இங்கே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் தெரு சிரிக்காதா? தெரு ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு மாமா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஊரான் வீட்டையெல்லாம் குளுர வச்சிட்டு வந்து, சொந்த வீட்டுல பிள்ளையளப் போட்டு அவிக்கீரே வேய்" என்பார்.

தினமும் சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறுவார். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். கேட்டால், டூல்ஸ் பை தூக்கின தடம் என்பார். ஏசிக்கு நாளுக்கொரு நோய் சொல்வார். ஒருநாள் ஸ்டெபிலைசர் சரியில்லை. ஒருநாள் கேஸ் குறைவு. கடைசியில், இங்கத்த கரண்டே சரியில்லை. கழற்றி மாட்டினால் ஒரு திருகாணியாவது மிஞ்சும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணி அலசும்போது அம்மா அதை எடுத்து ஜன்னல் படியில் வைப்பாள். படி நிறைந்துகொண்டு வந்தது.

எனக்கு அப்போதே எதற்கெடுத்தாலும் பயம். ரப்பர் போட்டால் கரண்டு ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் அலைந்தேன். சாப்பிட உட்கார்ந்தாலும் கழற்றமாட்டேன்.

ஒருநாள் அப்பா போர்டில் இருந்ததைவிடப் பெரிய டிரிப்பர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். அது விழவே இல்லை. மதிலோரம் போய் எதிர்வீட்டு மாமாவிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் வீட்டில் தீய்ந்த நாற்றம். அம்மா போர்டுப் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தாள். சுவர் சுட்டது. சுவிட்சை அணைத்தாள்.

"சவத்த இனி யாராவது தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றாள் என்னைப் பார்த்து. நான் தொடவே இல்லை. புது சாமானம் என்றால் முதலில் அப்படித்தான் வாடை வரும் என்றார் அப்பா.

மறுநாள் அவர் குழித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து அம்மா மெக்கானிக்கை வரவழைத்தாள். வந்தவர் வெளியே இருக்கும் ஏசிப் பெட்டியின் மூடியைக் கழற்றி ஒரு வயரை இழுத்துக் காட்டினார். நுனி கரியாகிக் கிடந்தது. இங்கே லூசாகக் கிடந்து தீய்ந்ததால்தான் டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்ததாம். விழுந்ததால்தான் வீடு தப்பியதாம். பிறகு போர்டைத் திறந்தவர் திடுக்கிட்டார்.

"எந்த மடையன் இந்தப் பெருசக் கொண்டுவந்து மாட்டுனான்? வயரு தாங்குமா?"

"கூலிக்கு வந்த ஒருத்தன். பேரு தெரியாது" என்றாள் அம்மா.

நான் வாய் திறப்பதற்குள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. தீய்ந்த வயரை மாற்றி, பழைய டிரிப்பரையே திரும்ப மாட்டினார் அவர். ஜன்னல் படியில் இருந்த திருகாணிகளை எல்லாம் அம்மா அள்ளிக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் இருந்தது. அவர் போனதும் அம்மா தரையைப் பெருக்கினாள்.

"அப்பாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா மக்கா."

அப்பா வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நேரே போர்டுக்குப் போனார். பழைய டிரிப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னல் படியைப் பார்த்தார்.

"நீங்க முந்தாநாளு முறுக்குனது இப்பந்தான் பிடிச்சிருக்கு போல" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாமா மதிலில் தலையை நீட்டி, என்ன வேய், சத்தத்தையே காணோமே என்று கேட்டார். எப்போதும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். அம்மா வாசலுக்கே வந்து, தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவரு கை வச்சா பின்ன சரியாவாதா அண்ணாச்சி?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. சரியாக்கினது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கா?

பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, இப்போது நான் ஏசி, பிரிட்ஜ் விற்கிற ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். ஏசிப் பெட்டிகளை மாடிமாடியாகச் சுமந்து ஏற்றுகிறவர்கள் மதியம் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அவர்கள் தோளிலும் அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில், அதே அகலத்தில், கறுத்த தோல்.

மெக்கானிக் வந்துபோன அன்று சாயங்காலம் ஏசி அறையில் அப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கேட்காமலேயே அம்மா தைலத்தை எடுத்துவந்து அந்தத் தோளில் தேய்த்தாள். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. எல்லாம்தான் சரியாகிவிட்டதே, பிறகென்ன என்று எனக்கு விளங்கவில்லை. நான் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, எப்போது 'டக்' என்று விழுமோ என்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.