பாவு முடியும் வரை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, சின்ன வயதிலேயே போய்விட்ட என் தங்கை விட்டுப் போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன், அவ்வளவே.

போன வாரம் பின்கட்டுப் போர்ஷனில் டைல்ஸ் போட ஆள் வந்தது. கொத்தனார் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயா, இந்த மூலையில தரை உள்ள வாங்குதே. கிணறு எதனா இருந்துச்சா?"

"தறிக்குழிப்பா" என்றேன்.

கடப்பாரை போட்டதும் பழைய மண்ணின் ஈர வாடை வந்தது. எனக்கு மட்டும் அதில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி வாசம் அடித்தது. முப்பது வருஷத்துக்கு முன்பு மூடிய குழியில் கஞ்சி எப்படி மணக்கும்? மூக்குக்கும் வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தறி மிதிக்கக் கால் தொங்கவிடும் அந்தக் குழியைத் தோண்டியவர் மாசிலாமணி. பெண்டாட்டி சரோஜாவோடு எங்களிடம் குடித்தனம் வந்த நெசவாளி. இப்போதெல்லாம் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வாடகைப் பத்திரத்தில் இடமில்லை. அன்றைக்குப் பத்திரமே இல்லை. "குழி தோண்டலாமாக்கா?" என்று கேட்டார். "தோண்டாம எப்படிப்பா நெய்வ? தோண்டிக்கோ" என்றேன். என் வீட்டுக்காரர் மட்டும், "ஊட்ல குழி தோண்டறவன் லேசுல போவமாட்டான்டி" என்று முணுமுணுத்தார். ஒன்பது வருஷம் இருந்தார்கள். சரோஜாவும் நானும் ஒரே கிணற்றில் இறைத்தோம். என் கடைசிப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து வீசியவள் அவள்தான்.

பிறகு மூத்தவனுக்குத் தாமல் கிராமத்தில் பெண் நிச்சயமானது. புதுசாக வருகிற பெண்ணுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும். பின்கட்டைக் காலி செய்யச் சொன்னேன்.

"தறியில பாவு ஏத்திட்டேன்கா. அது முடியட்டும், காலி பண்ணிடறேன்."

பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழை. ஒரு பாவில் மூன்று சேலை நெய்யலாம். இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டு, "சரி, இந்தப் பாவு முடியற வரைக்கும் இருங்க" என்று சொல்லிவிட்டேன். வாய்ச்சொல்தான். இரண்டு பேருமே அதை மீறுகிறவர்கள் இல்லை என்று நினைப்பு.

மூன்று மாதம் ஆனது, நான்கு ஆனது. தறிச் சத்தம் நிற்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய பாவின் வால் தீருவதற்குள் புதுப் பாவை இழை இழையாக அதோடு பிணைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"பாவு இன்னும் முடியலியேக்கா. அதேதானே ஓடிக்கினு கீது" என்று சிரித்தார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆனது. பன்னிரண்டு வயதில் வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைத்தவள் நான். நெய்கிறவன் பாவை அறுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க மாட்டான், பிணைத்துக்கொண்டேதான் போவான் என்பது இந்தக் காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். அதைத் தெரிந்தே நான் கெடு கொடுத்திருக்கிறேன்! யாரிடம் போய்ச் சொல்வது?

வக்கீலிடம் போனோம். சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று கேஸ் போட்டார். நான் கிணற்றங்கரைக் கதவைப் பூட்டினேன், பீஸைப் பிடுங்கினேன். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினதாக அவர்கள் வக்கீல் எழுதியதெல்லாம் உண்மைதான். சரோஜா தெருக்குழாயில் வரிசையில் நின்றாள். ஆண்கள் இருவரும் வாய்தாவுக்கு ஒன்றாக நடந்துபோய், ஒன்றாக டீ குடித்துவிட்டு வருவார்கள். "கேஸ் வேற, டீ வேறடி" என்பார் என் வீட்டுக்காரர்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பெண்ணின் அப்பா அறையைப் பார்க்க வந்தார். தறிச் சத்தம் கேட்டு நின்றார்.

"உங்க ஊட்லயே உங்க பேச்சு எடுபடலீங்களா சம்மந்தியம்மா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

மறுநாள் வாய்தா. ஆண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், சரோஜா குழாயடிக்குப் போனாள். நான் கத்தரிக்கோலோடு பின்கட்டுக்குள் போனேன். அரக்கு நிறச் சேலை, பாதி நெய்திருந்தது. இழுத்துக் கட்டிய பட்டு சுலபத்தில் அறாது. கொத்துக் கொத்தாகப் பிடித்து அறுத்தேன். ஒவ்வொரு கொத்தும் படக்கென்று பின்னால் சுருண்டது. நிமிர்ந்தபோது வாசலில் இடுப்பில் குடத்தோடு சரோஜா நின்றிருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாவு முடிஞ்சிடுச்சிக்கா."

பட்டு அவர்களுடையது இல்லை, பாவு கொடுத்த முதலாளியுடையது. எலி கடித்துவிட்டது என்று மாசிலாமணி சொல்லிப் பார்த்தாராம். முதலாளி நம்பவில்லை. அடுத்த பாவு தரவில்லை. வேறு யாரும் தரவில்லை. நான்காம் நாள் காலி செய்தார்கள். போகுமுன் அவரே மண் சுமந்து குழியை மூடினார். சரோஜா மேலே சாணி மெழுகினாள். வரும்போது தரை முழுசாக இருந்ததாம்.

அடுத்த வாய்தாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "குடியிருந்தவர் தாமாகவே காலி செய்துவிட்டாராம்மா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. தானா பூட்டாரு."

எதிரே மாசிலாமணி நின்றிருந்தார். மறுத்துப் பேசவில்லை. கேஸ் முடிந்தது.

சில வருஷம் கழித்து, சரோஜாவின் அம்மா ஊரான முசரவாக்கத்துக்கு ஒரு தடவை போனேன். அங்கேதான் இருந்தாள். மாசிலாமணி எங்கோ ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்பதாகச் சொன்னாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. "குடிச்சிட்டீங்களாக்கா?" என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த முறை போனபோது அந்த வீடே இல்லை, மனை போட்டு விற்றிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை.

மூத்தவனும் அவன் பெண்டாட்டியும் அந்த அறையில் இருந்தது இரண்டே வருஷம். அப்புறம் வாடகைக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள், பதினொரு மாதப் பத்திரத்தோடு. என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. கிணற்றையும் மூடிவிட்டோம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் மூத்தவனின் மகள். கொஞ்ச நேரமாகப் பேனா நின்றிருக்கிறது.

என்னம்மா அப்படிப் பாக்கற? நான் பாவை அறுத்தது உங்கப்பனுக்குத் தெரியாது. உங்க தாத்தா தெரியாமலே பூட்டாரு. ஜட்ஜு கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதிக்கினியா? அங்கேர்ந்து படி, கேக்கறேன்.