எட்டு நிமிட சாம்பார் சாதம்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால், இந்த வாரம் உங்களிடம் கப் சாதத்தின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

போய்விட்டேன். என்ன செய்வது?

சரி, முதலில் கப் சாதத்துக்கு வருகிறேன். திருவூடல் தெருவைத் தாண்டி ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கிறார்கள். பிஸ்கெட்டுக்கும் நூடுல்ஸுக்கும் நடுவே ஒரு முழு ஷெல்ஃப் நிறைய ரெடிமேட் சாப்பாடு. சாம்பார் சாதம், புளியோதரை, பொங்கல், உப்புமா, கிச்சடி... மேலே உள்ள தாளைக் கிழித்து, சுடுதண்ணீர் ஊற்றி, எட்டு நிமிடம் மூடி வைத்தால் முடிந்தது வேலை. சாம்பார் சாதக் கப்பின் படத்தில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், மேலே ஒரு கரண்டி நெய் எல்லாம் இருந்தன. உள்ளே முருங்கைக்காயின் வாசனை மட்டும் இருந்தது. கேரட் இருந்தது... கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

ருசி? குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பெருங்காயம், பசி அடங்கிவிடும். ஆனால் அந்தச் சாதத்தைச் சாதம் என்று சொல்ல மனம் வரவில்லை. மேலே கொழகொழவென்று இருக்கும், அடியில் நறுக்கென்று கடிபடும்.

இருந்தாலும் நான் அதை விடவில்லை. காரணம் இருக்கிறது. மகன் வேலைக்கு ஒரகடம் போய்விட்டான். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ அங்கேதான் அவருக்கு மதியச் சாப்பாடு. ஆக, என் ஒருத்தியின் டப்பாவுக்காக நான் காலையில் நாலே முக்காலுக்கு எழுந்து கொண்டிருந்தேன். கப் சாதம் வந்த பிறகு ஆறு மணி வரை தூக்கம். எழுந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்க்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், காலை வெயில் மலைமேல் இறங்கி வருவதை நின்று பார்க்க எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

“என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?” என்று கேட்பவர்களில் எத்தனை பேர் காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்றவர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என் ஆபீஸைப் பற்றி வாராவாரம் வரும் இந்தப் பத்தியில் அடிக்கடி எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. லாட்ஜுகளுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் பெட்ஷீட், தலையணை உறை வாடகைக்குக் கொடுத்து, துவைத்துத் திரும்பக் கொடுக்கிற சிறிய கம்பெனி. பே கோபுரத் தெருவில் இருக்கிறது. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

மதியம் நாங்கள் நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஆர்டர் எடுக்கிற நான், கிழிசல் தைக்கிற மும்தாஜ், கம்ப்யூட்டரில் பில் போடுகிற சுகன்யா. நாலாவது ஏழுமலை சார். ஸ்டாக் ரூம் அவருடையது. ஐம்பத்தேழு வயது. மூன்று வருடத்துக்கு முன்பு மனைவி தவறிவிட்டார். மகளை ஓசூரில் கொடுத்திருக்கிறார். அதுவரை மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர், அதன் பிறகு ஒரு இரண்டடுக்கு கேரியரோடு எங்கள் மேஜைக்கு வந்தார்.

கீழ் அடுக்கில் சோறு. மேல் அடுக்கு காலி.

“சோறு மட்டும்தாம்மா வடிக்கத் தெரியும். கொழம்பு வெச்சா எனக்கே புடிக்கல” என்றார் முதல் நாள், சிரித்துக்கொண்டே.

அன்று மும்தாஜ் அந்தக் காலி டப்பாவை எடுத்து, தான் கொண்டு வந்த பருப்பில் இரண்டு கரண்டி விட்டு என் பக்கம் தள்ளினாள். நான் பொரியலை வைத்து சுகன்யாவிடம் தள்ளினேன். ஒரு சுற்று சுற்றி அது நிறைந்து அவரிடம் போனது. அதுவே பழக்கமாகிவிட்டது. யாரும் எதையும் பேசி முடிவு செய்யவில்லை. டப்பா காலியாகப் புறப்படும், நிறைந்து திரும்பும். அவ்வளவுதான்.

கப்பில் அந்த வசதி இல்லை. ஒரு ஆளுக்கு அளந்து வைத்தது அது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தால் நமக்கும் காணாது, வாங்குகிறவருக்கும் என்னவோ போலிருக்கும். ஆனாலும் முதல் வாரம் பாதகமில்லை. மற்ற இரண்டு பேர் கொடுத்தார்கள்.

ஆனால் நான் சும்மா இருந்தேனா? ஆறு மணித் தூக்கத்தின் மகிமையை மேஜையில் உட்கார்ந்து தினமும் பிரசங்கம் செய்தேன். மும்தாஜ் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று பேர். “எங்க வூட்ல காலைல நாஷ்டா செஞ்சி முடிக்கறதுக்குள்ளயே எனக்கு உசுரு போவுதுக்கா” என்று அவளும் இரண்டு கப் வாங்கினாள். அடுத்த வாரம் சுகன்யா. கெட்டிலுக்கு வரிசை நின்றோம். எட்டு நிமிடம் காத்திருந்து, ஆளுக்கொரு கப்பைக் கிழித்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்பூனால் சாப்பிட்டோம்.

ஏழுமலை சார் சில நாள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். மேல் அடுக்கு மேஜைக்கு வரவேயில்லை. அது பைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. இப்போது யோசித்து எழுதுகிறேன்.

பிறகு ஒரு நாள், “கோயில் வரைக்கும் போய்ட்டு வந்துடறேம்மா” என்று ஒரு மணிக்குக் கிளம்பினார். மறுநாளும் கிளம்பினார். அப்புறம் தினமும். திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இருக்கும்.

“சாருக்கு பக்தி ஜாஸ்தியாயிடுச்சுக்கா” என்றாள் மும்தாஜ், நல்ல மனதோடுதான்.

எனக்கும் மரியாதை கூடியது. இந்த ஊரில் ஒருவர் கோயிலுக்குப் போகிறேன் என்றால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம். நான் ஒருபடி மேலே போய், “சார், என் பையனுக்கு வேலை பர்மனென்ட் ஆகணும்னு ஒரு வார்த்தை வேண்டிக்குங்க” என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “வேண்டிக்கறேம்மா” என்றார். மறுநாள் பேப்பரில் மடித்து விபூதி கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கப்பில் தண்ணீர் ஊற்றினேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை.

மேஜை டிராயரில் கப் தீர்ந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு மடம். மதியம் அன்னதானம் நடக்கும். வாசலில் வழக்கமான வரிசை. காவி கட்டிய சாதுக்கள், வெளியூர்க் குடும்பம் ஒன்று, இரண்டு பூக்காரம்மாக்கள். அவர்களுக்குப் பின்னால் ஏழுமலை சார்.

சேவை செய்ய வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வரிசை நகர்ந்தது. அவர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்னால் இலை விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் நடை மதியம் பன்னிரண்டரைக்கே சாத்திவிடுவார்களே! சாத்திய நடைக்கு ஒரு மனிதர் தினமும் ஒரு மணிக்கு எப்படிப் போவார்? வெளியூர்க்காரர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். நாங்கள் மூன்று பேர், மூன்று வாரமாக, அவருடைய பக்தியை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வெட்கமாக இருந்தது. உடனே ஒரு காரியம் செய்தேன். என்னைப் போன்றவர்கள் வெட்கம் வந்தால் செய்கிற காரியம்தான். சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு இரண்டு கப், அவருக்கு இரண்டு கப் வாங்கினேன். அவருடைய மேஜையில் வைத்தேன்.

சாயந்திரம் அந்த இரண்டு கப்பும் என் மேஜைக்குத் திரும்பி வந்தன. கூடவே அவரும் வந்தார்.

“இது உங்களுதும்மா. மறந்து வெச்சிட்டீங்க.”

“உங்களுக்குத்தான் சார் வாங்கினேன்.”

“நான் எதுனா கேட்டனாம்மா?”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“மடத்துல சாப்பாடு நல்லாத்தாம்மா இருக்குது. ரசம்லாம் சூப்பரா இருக்கும். அங்க எனக்குக் கூச்சமே இல்ல. வர்றவங்களுக்கெல்லாம் போடறாங்க, நானும் வர்றேன். இங்கதான்... வெறும் சோத்த வெச்சிகினு உங்க மூணு பேரு கப்பையும் பாத்துகினு உக்காந்திருந்தா, நீங்க சாப்பிட முடியுமா? உங்களுக்குத்தான சங்கடம்?”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“இன்னான்னு சொல்றது? காலைல சீக்கிரம் எழுந்து சமைங்கம்மா, எனக்குக் கொழம்பு வேணும்னா?”

இரண்டு கப்பையும் எடுத்து டிராயருக்குள் போட்டேன்.

அன்று இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். “மறுபடியும் சமைச்சு எடுத்துட்டுப் போயேன்” என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். சுலபமான யோசனை. நாலே முக்காலுக்கு எழப்போவது அவரில்லையே! உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு எழுந்திருக்க மனமில்லை. இருபத்தைந்து வருடம் எழுந்தாகிவிட்டது. ஆனால் அந்த இலை முன்னால் அவர் உட்கார்ந்திருந்ததையும் மறக்க முடியவில்லை. என் தூக்கமா, அவர் சாப்பாடா? இப்படி ஒரு கணக்கில் போய் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவேயில்லை.

மறுநாள் காலை மொட்டை மாடியில் நிற்கும்போது வேறொன்று தோன்றியது. மூன்று வருடமாக அவருக்குக் குழம்பு கொடுத்திருக்கிறோம், பொரியல் கொடுத்திருக்கிறோம், ரம்ஜானுக்கு பிரியாணி கொடுத்திருக்கிறோம். அவர் தினமும் ஒரு டப்பா சோறு கொண்டுவந்திருக்கிறார். அதிலிருந்து நாங்கள் யாராவது ஒரு பிடி கேட்டிருக்கிறோமா? வெறும் சோறுதானே என்று இருந்துவிட்டோம். இத்தனைக்கும் அது கீழ்பென்னாத்தூரில் அவருடைய தம்பி பயிர் வைக்கிற சொந்த நெல்லின் அரிசி. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் கப் சாதத்தைக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஸ்டாக் ரூமுக்குப் போனேன். தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“சார், நாளைக்கு எனக்கும் சேர்த்து சோறு எடுத்துட்டு வாங்க.”

எண்ணுவதை நிறுத்தினார். “எங்கூட்டு சோறாம்மா?”

“ஆமாம் சார். பாக்கெட் குழம்பு எடுத்துட்டு வரேன். கப் சாதம் இனிமே என்னால முடியாது, பல்லு போயிடும்.”

இதில் கருணை எதுவுமில்லை. என் குரலிலேயே அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு, “எவ்ளோ சாப்பிடுவீங்க?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு யாரும் கோயிலுக்குப் போகவில்லை. அதே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வத்தக்குழம்பு பாக்கெட்டைச் சூடாக்கிக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு பேருக்கு என்று போட்டிருந்தது. ஏழுமலை சார் டப்பாவைத் திறந்தார். பொலபொலவென்று சோறு. என் தட்டை நீட்டினேன். அவர் கை கொஞ்சம் தயங்கியது, பிறகு அள்ளி வைத்தார். கப்பைக் கிழிக்கப்போன மும்தாஜ் அதை அப்படியே வைத்துவிட்டு, “சார், எனக்கு இல்லியா?” என்றாள். சுகன்யாவும் தட்டை நீட்டினாள். எங்கள் மூன்று பேருக்கும் போட்டதில் அவருக்குப் பாதி வயிறுதான் நிறைந்திருக்கும். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றடுக்கு கேரியர் வந்தது. மூன்றிலும் சோறு.

இப்போது ஏற்பாடு இதுதான். சோறு அவருடையது. குழம்பு பாக்கெட்டிலிருந்தோ, மும்தாஜ் வீட்டிலிருந்தோ, முடிந்தவர் கொண்டுவருவது. நான் ஆறு மணிக்குத்தான் எழுகிறேன். பாக்கெட் குழம்பும் உருப்படியான சோற்றில் ஊற்றினால் அத்தனை மோசமில்லை.

நேற்று என் தட்டில் இரண்டு பிடி சோறு மிஞ்சிவிட்டது. வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“இன்னாம்மா இது? கேட்டு வாங்கிட்டு மிச்சம் வெக்கறீங்க? உக்காந்து சாப்பிடுங்க!”

அதட்டல். எங்கள் மேஜைக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் ஏழுமலை சார் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. மும்தாஜும் சுகன்யாவும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது, எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை.