வண்டலூரில் சிட்டு வேலிப் பக்கம் வராத நாள்

போன பதிவின் கீழே மூன்று பேர், வண்டலூரில் யானைகளை எந்த நேரத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள்! ஒன்பது வருடத்தில் நாற்பத்தோரு தடவை போயிருக்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, ஆனால் அந்த யானைகளைப் பற்றிப் பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவேன். நான் நோட்டில் எழுதித் தருகிறேன், என் பேத்தி கணினியில் ஏற்றுகிறாள். முதல் பயணம் நடந்ததே அவளால்தான்.

1988, ஆனி மாதம். என் மகளுக்கு இரண்டு நாளாக வலி, பிரசவம் ஆகவில்லை. தாயும் குழந்தையும் நல்லபடியாகப் பிழைத்தால் யானைக்கு என் கையால் பழம் கொடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேண்டிக்கொண்டேன். மூன்றே கால் கிலோவில் பேத்தி பிறந்தாள். அந்த வார்டிலேயே அவ்வளவு எடை வேறு குழந்தைக்குக் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேண்டிக்கொண்டாயிற்று, யானைக்கு எங்கே போவது? எங்கள் முடிச்சூர்ப் பக்கத்துக் கோயில்கள் எதிலும் யானை இல்லை. காஞ்சிபுரம் போகலாம் என்றேன். என் நாத்தனார் ராஜாத்தி சிரித்தாள்.

"இன்னா அண்ணி, பக்கத்துல வண்டலூர்ல யானை கீது, நீ காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறப் போறியே. அந்த யானை பழம் துன்னாதா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யானை எங்கே நின்றால் என்ன, பிள்ளையார் பிள்ளையார்தானே!

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். முடிச்சூரிலிருந்து தாம்பரம் ஐந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஐம்பது பைசா. தாம்பரத்திலிருந்து வண்டலூர் ஏழு கிலோமீட்டர், எழுபத்தைந்து பைசா. இரண்டு சீப்பு பூவன் பழம் ஆறு ரூபாய். உள்ளே போக ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று நினைவு. ஒன்பது மணிக்கு வாசல் திறந்தது. வாசலிலிருந்து யானைகள் இருந்த இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ராஜாத்தி ஒவ்வொரு குரங்கிடமும் நின்று பேசிக்கொண்டு வந்ததால் எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

மூன்று பெரிய பெண் யானைகள் அகழிக்கு அப்பால் புளியமர நிழலில் நின்றன. நடுவில் நின்ற பெரியவள் கோமளா, காது கிழிந்தவள் சாந்தி, எப்போதும் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டே இருப்பவள் வள்ளி. பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவற்றுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் வேலி போட்ட தனி இடத்தில் ஒரு குட்டி. என் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் உயரம், நெற்றி முழுக்க முடி. வேலியோரமாகவே வந்து நின்றது. அதுதான் சிட்டு.

வேலியில் ஒரு பலகை தொங்கியது: விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன், ராஜாத்திக்கும் படித்துக் காட்டினேன். அது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் கொடுப்பது வேண்டுதல் அல்லவா?

ஒவ்வொரு பழமாகக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். சிட்டு தும்பிக்கையை நீட்டி என் தலைமேல் வைத்தது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ராஜாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை எங்களோடு எட்டுப் பெண்கள் வந்தார்கள், எட்டு சீப்புப் பழத்தோடு. அதற்கடுத்த வாரம் பதினோரு பேர். நான்தான் முன்னால் நடப்பேன். தூரத்தில் என் வளையல் சத்தம் கேட்டாலே சிட்டு வேலிக்கு ஓடி வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாவது தடவை போனபோது வேலியோரம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். யானைப் பாகன், பெயர் மாரி. மலைப்பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அந்தப் பழக்காரம்மா நீங்கதானா?"

"ஆமாண்ணா. குட்டி ஆசீர்வாதம் பண்ணுதே, அதான் வாராவாரம் வர்றோம்" என்றேன் பெருமையாக.

"ஆசீர்வாதமா? உங்க தலையில இருக்கிற மல்லிப்பூவைத் தேடுதும்மா."

ராஜாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாரி சிரிக்கவில்லை. சிட்டு எப்படி வந்தது என்று சொன்னார். மலையடிவாரத்தில் கிணற்றில் விழுந்த குட்டி. மேலே தூக்குவதற்குள் தாயும் கூட்டமும் போய்விட்டன. அதை இங்கே கொண்டுவந்து இந்த மூன்று பெண் யானைகளோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். காலையில் இரண்டு இடத்துக்கும் நடுவே இருக்கிற கதவைத் திறந்துவிட்டால் கோமளா மெல்ல வருவாள், தும்பிக்கையை நீட்டிக் குட்டியை மோந்து பார்ப்பாள்.

"அது அவகிட்ட ரெண்டு எட்டு வைக்கும்மா. அதுக்குள்ள இங்க வளையல் சத்தம் கேக்கும். உடனே திரும்பி வேலிக்கு ஓடி வந்துரும். ஒரு மாசமா இதே கதைதான். பொங்கல் கழிச்சுப் பெரிய அதிகாரி பாக்க வர்றாரு. கூட்டத்தோட சேரலைன்னா வேற ஊருக்கு ஏத்திருவாங்க. அங்க அது தனியாத்தான் கட்டுத்தறியில நிக்கணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு தாயையும் குழந்தையையும் சேர்த்துக் கொடு என்று வேண்டிக்கொண்டவள் நான். இங்கே வந்து, தாய் வேண்டும் என்று தவிக்கிற குழந்தையைப் பழத்தைக் காட்டி இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்று கொண்டுபோன பழத்தைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்தோம்.

தெருப் பெண்களை நிறுத்துவதுதான் பெரிய பாடு. "நீ மட்டும் ஆசீர்வாதம் வாங்கிக்கினு எங்கள வேணாங்கிறியா?" என்று எதிர்வீட்டுக்காரி மூன்று வாரம் பேசவில்லை. மல்லிப்பூ விஷயத்தைச் சொன்னேன், நம்பவில்லை. பரவாயில்லை, போகாமல் இருந்தால் சரி.

ஆனால் நான் போகாமல் இருக்க முடியவில்லை! வேலிக்கு நூறடி தள்ளி ஒரு வேப்பமரம் இருந்தது, அங்கேதான் உட்காருவோம். வளையலைக் கழற்றவும் மனசு வரவில்லை, கட்டினவர் நன்றாக இருக்கும்போது யார் வெறுங்கையாகப் போவார்கள்? இரண்டு கையிலும் கைக்குட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

"கண்டக்டர் உன்ன ஒரு மாதிரி பாக்கறான் அண்ணி. அடிபட்டவன்னு உக்கார எடம் குடுத்தாலும் குடுப்பான்" என்றாள் ராஜாத்தி. உண்மையாகவே ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன்.

ஐப்பசி மழை எங்களுக்கு நல்லது செய்தது. கூட்டம் குறைந்தது, வேலியோரம் ஆள் இல்லை. மாரி நடுக்கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பார். பெரியவை மூன்றும் செம்மண் சேற்றில் புரளும். சிட்டு தூரத்தில் நின்று பார்க்கும். ஒருநாள் அவை போன பிறகு அதே சேற்றில் தானும் போய் விழுந்து புரண்டு, முழுச் சிவப்பாக எழுந்தது. அந்தக் கோலத்தில் கோமளாவிடம் போனபோது அவள் அதைத் தலை முதல் வால் வரை மோந்து பார்த்தாள். விரட்டவில்லை. நான் வேப்பமரத்தடியில் ராஜாத்தியின் கையைக் கிள்ளியே விட்டேன். சாந்திதான் முரண்டு பிடித்தாள். குட்டி பக்கத்தில் வந்தால் நெற்றியால் ஒரு இடி, அது குட்டிக்கரணம் போடும். அப்போதெல்லாம் வேலியைத் திரும்பிப் பார்க்கும். நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

மார்கழிக் கடைசியில் காலை முழுக்கக் கூட்டத்தோடு இருக்கப் பழகிவிட்டது. ஆனாலும் மாரி முகத்தில் சந்தோஷம் இல்லை.

"காணும் பொங்கல் வருதேம்மா. ஊரே இங்கதான் வரும், ஆளுக்கொரு கரும்போட. அன்னிக்கு வேலிக்கு வந்து நின்னுச்சுன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு நாள் இல்ல."

"நாங்க வர்றோம்ணா" என்றேன்.

காணும் பொங்கல் அன்று காலை ஆறு மணிக்கே வீட்டை விட்டு இறங்கினோம். தாம்பரத்தில் பஸ் படியில் கால் வைக்க இடமில்லை. பெருங்களத்தூர் வரை லாரியில் வந்து, மீதி நான்கு கிலோமீட்டரை நடந்தே கடந்தோம். வாசல் திறந்ததும் நான் ஓடிய ஓட்டத்தை என் மகள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். வேலிக்கு முன்னால் நானும் ராஜாத்தியும் கையை விரித்துக்கொண்டு நின்றோம்.

பத்து மணிக்கெல்லாம் ஜனக்கடல். பம்மலிலிருந்து வந்த ஒருவர், தோளில் ஒரு முழுக் கரும்பு, பின்னால் மனைவி, இடுப்பில் குழந்தை.

"நகரும்மா. ஜூவு இன்னா உங்கப்பன் வூட்டுதா?"

"எங்கப்பன் வூட்ல மாடுதாம்பா இருந்துச்சு" என்றாள் ராஜாத்தி. "குட்டி அம்மாகிட்ட போவட்டும். உன் கரும்ப நீயே துன்னு, பல்லு நல்லா கீது."

சண்டை வந்துவிடும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து மைக்கில் அறிவிப்பு: நீலச் சட்டை போட்ட மூன்று வயதுக் குழந்தை, பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும். நான் அந்த மனைவியைப் பார்த்துச் சொன்னேன்:

"கேட்டியாம்மா? இதுவும் அப்படி வழி தப்பின குழந்தைதான். இப்பத்தான் ஒருத்தி கையைப் புடிச்சிருக்கு. நீங்க கரும்பைக் காட்டினா விட்டுட்டு வந்துரும்."

அவள் இடுப்பிலிருந்த குழந்தையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். "யோவ், கீழ போடுய்யா" என்றாள் கணவனிடம். அவர் கரும்பைக் கீழே வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை, எனக்குப் பக்கத்தில் வந்து தானும் கையை விரித்துக்கொண்டு நின்றார்! மதியத்துக்குள் நாங்கள் பதினான்கு பேர் ஆகிவிட்டோம்.

ஆனால் எல்லாக் கையையும் தடுக்க முடியுமா? இரண்டரை மணி இருக்கும். அந்தப் பக்கக் கடைசியிலிருந்து யாரோ ஒரு துண்டுக் கரும்பை உள்ளே வீசினார்கள். வேலிக்கும் யானைகளுக்கும் நடுவில் விழுந்தது. சிட்டு காதை விரித்தது. கூட்டம் "வா, வா" என்று கத்தியது. எத்தனை ஆயிரம் வளையல் அன்று அங்கே குலுங்கியதோ! சிட்டு கூட்டத்தை விட்டு வெளியே வந்தது. பத்தடி. இருபதடி. மாரி கத்தவில்லை, தோள் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார்.

கோமளாவின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை, தூரத்தில் லாரி போகிற மாதிரி. சிட்டு கரும்பை எடுத்தது, எங்களைப் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடியது, கரும்போடு, நேராகக் கோமளாவிடம்! கோமளா என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் கரும்பைப் பிடுங்கித் தானே கடித்துத் தின்றாள். சிட்டு கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தது. அப்புறம் அவள் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொண்டது. சாந்தி வந்து அந்தப் பக்கம் மறைத்து நின்றாள். நெற்றியால் இடித்துத் தள்ளிய அதே சாந்திதான்!

"பெரிய மாமியாரு வூடுதான் இது, வந்த கரும்பையும் புடுங்கிக்கினாங்கோ" என்று ராஜாத்தி கத்தினாள். பம்மல்காரர் விசில் அடித்தார். மாரி வேலிக் குழாயில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

நான்கு நாள் கழித்து அதிகாரி வந்து பார்த்தார். சிட்டு எங்கேயும் அனுப்பப்படவில்லை.

அப்புறமும் போய்க்கொண்டுதான் இருந்தேன். தொண்ணூற்றொன்றில் சிட்டு கோமளாவின் பாதி உயரத்தைத் தாண்டிவிட்டது. தொண்ணூற்று மூன்றில் வள்ளி வயதாகிப் போய்ச் சேர்ந்தாள். மூன்று நாள் மற்றவை தீனி சரியாக எடுக்கவில்லை என்றார் மாரி. தொண்ணூற்றேழில் பேத்திக்கு ஒன்பது வயது, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மலைப்பக்கத்திலிருந்து இன்னொரு குட்டி புதிதாக வந்திருந்தது. வேலியோரம் வந்து நிற்கப் பார்த்தது. சிட்டு, ஆறடி உயரத்துக்கு வளர்ந்துவிட்ட சிட்டு, குறுக்கே போய் நின்று அதைப் பின்னங்காலால் மெதுவாக உள்ளே தள்ளியது. என் பேத்தி, "ஆயா, அது திட்டுதா?" என்று கேட்டாள். "வளக்குது" என்றேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று வீணாகப் போய்த் திரும்பாதீர்கள். நான் ஒரு தடவை போய் ஏமாந்தேன். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறதாம், விசாரித்துக்கொண்டு போங்கள். காணும் பொங்கலுக்குப் போக வேண்டாம், போனால் குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். தண்ணீர், குடை, நடக்கத் தோதான செருப்பு. நான் போன காலத்தில் மூன்றரை மணிக்கு யானைகளைக் குளிக்க விடுவார்கள், இப்போது எப்போது என்று அங்கேயே கேளுங்கள். அதுதான் பார்க்க வேண்டிய நேரம். பெரியவள் இறங்கி ஆழம் பார்த்த பிறகுதான் சின்னவை இறங்கும். அவை கரையில் தயங்கி நிற்கும்போது ஒரு நிமிடம் சும்மா இருங்கள், யாரும் கூப்பிடாதீர்கள்.