சிங்கப்பூர் லேபிள் ஒட்டிய கைலி

பழவேற்காட்டுக்குப் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் முதல்முறை அங்கே போனது 1950களின் நடுவில், ஒரு தை மாதத்து ஞாயிறன்று. ஏரியைப் பார்க்க அல்ல, மாமனாருக்குக் கைலி வாங்க.

மாமனார் கும்மிடிப்பூண்டியில் ரைஸ் மில் மேஸ்திரி. மூத்த மாப்பிள்ளை, அதாவது என் சகலை, சென்னை ஹார்பரில் வேலை. அவர் கொடுத்த சிங்கப்பூர் கைலியில் கப்பல் படம் போட்ட காகித லேபிள் ஒட்டியிருந்தது. மாமனார் அந்த லேபிள் முன்பக்கம் தெரியும்படி கட்டிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போவார். முதல் சலவையிலேயே லேபிள் தண்ணீரோடு போய்விட்டது. "லேபிள் போச்சுன்னா அது வெறும் கைலிதான மாப்ள" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவன் போல நான் தலையாட்டினேன்.

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அண்ணன் அப்போது அங்கே கைலி நெய்துகொண்டிருந்தார். மாமனாரும் தறி வீட்டில் பிறந்தவர்தான், ஆனால் மில்லுக்கு வந்தபின் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சகலையை "ஹார்பர்ல இருக்காரு" என்று அறிமுகம் செய்வார். திருவள்ளூர் மண்டி குமாஸ்தாவான என்னை, "இவரு சின்ன மாப்ள" என்பதோடு சரி. புது லேபிளோடு ஒரு கைலி வாங்கி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சிங்கப்பூர் கைலி பழவேற்காட்டில் கிடைக்கும் என்று மண்டியில் சொன்னார்கள்.

திருவள்ளூரில் காலை 5.40 பாசஞ்சர். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, அத்திப்பட்டு உப்பளங்களைத் தாண்டி, பொன்னேரி சேரும்போது ஒன்பது. அங்கிருந்து பதினோரு மைல் பஸ், ஐந்து அணா. மீன் கூடைக்காரம்மா ஒருவர் என் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டுத் தன் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார். அந்த ஒரு மரியாதை வழியெல்லாம் எனக்கு இனித்தது.

பழவேற்காட்டில் காதர் பாய் என்ற வியாபாரியிடம் அனுப்பினார்கள். முதலில் நாஷ்டா சாப்பிடச் சொன்னார், பிறகுதான் பெட்டியைத் திறந்தார். கப்பல் லேபிள் பளபளத்தது. நான் பழக்கதோஷத்தில் கரையைப் புரட்டினேன். இரண்டு சிவப்பு இழைகளுக்கு நடுவே ஒற்றை வெள்ளை இழை. அப்படி விடுவது என் அண்ணன் ஒருவர்தான்.

கேட்டதற்கு பாய் ஒளிக்கவில்லை. "நம்ம பக்கத்துச் சரக்குதான் தம்பி. இங்கேர்ந்து சிங்கப்பூருக்குப் போவுது, அங்க கடைக்காரன் லேபிள் ஒட்றான். நம்ம ஆளுங்க திரும்பி வரப்ப அதையே வாங்கினு வராங்க."

வாங்கிக்கொண்டேன். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில், சொல்வதா வேண்டாமா என்பதே யோசனை. சொல்லாவிட்டால் எனக்கு நல்ல பெயர். சொன்னால் சகலை கொடுத்ததும் பொய்யாகும், மாமனார் முகமும் சுண்டிப்போகும். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துதான் இறங்கினேன்.

மாமனார் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் பொட்டலத்தைப் பிரித்தார். லேபிளைத் தடவினார். "இந்த நைஸு நம்ம தறியில வருமா?" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இது எங்க அண்ணன் நெய்ஞ்சது மாமா" என்றேன்.

மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு, கரையை நகத்தால் நெருடி இழை எண்ணினார். விட்டுப் பல வருஷமானாலும் விரல்கள் தறிக்காரன் விரல்களாகத்தான் நகர்ந்தன. பிறகு கைலியோடு உள்ளே போய்விட்டார். பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்திருந்த என் மனைவி என்னை முறைத்தாள்.

மாலையில் ஊருக்குக் கிளம்பினேன். மாமனார் அந்தக் கைலியையே கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றார். லேபிளைப் பிய்க்கவில்லை. முதல் கடையிலேயே நின்றார். "லேபிள இன்னா பாக்கற, கரையப் பாரு. எங்க சின்ன மாப்ள ஊட்டுத் தறி. சிங்கப்பூர் போய்ட்டு வந்துகீது." அடுத்த கடையிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த கடையில், "நான் கூட அந்தக் காலத்துல நெய்ஞ்சவன்தான்" என்பதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: பொன்னேரி வரை மின்ரயில், பிறகு பேருந்து. வெயில் ஏறுமுன் ஏரிக்குப் போய்விடுங்கள், குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். துணி வாங்கினால் விரித்து, ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மாமனாரோடு நடந்து போவதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். அன்று என் வண்டி போய்விட்டது.