ஒஸ்டியோபதிக் கல்லூரியில் சனிக்கிழமைகள்

ஒஸ்டியோபதி படித்தவர் நோயாளியின் முதுகில் கை வைப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, தான் யார் இல்லை என்று விளக்குவது. நான் மசாஜ் செய்பவள் இல்லை. பிசியோதெரபிஸ்ட் இல்லை. எலும்பு முறிவுக்குப் பத்துப் போடுபவள் இல்லை. மருந்து எழுதித் தரும் டொக்டரும் இல்லை. தசை, மூட்டு, முள்ளந்தண்டு என்று கையால் சோதித்து, கையாலேயே வைத்தியம் செய்யப் படித்து, சட்டப்படி பதிந்தவள். லண்டனில் இதைக் கற்பிக்கும் ஒரு கல்லூரியின் கிளினிக்கில் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்கள் நோயாளிகளைப் பார்ப்பார்கள், நான் மேற்பார்வை செய்வேன். உங்கள் வேலை என்னவென்று கலியாண வீட்டில் யாராவது கேட்டு, ஒரு வரியில் சொல்லமுடியாமல் நீங்களும் முழித்திருந்தால், வாருங்கள், என் பக்கத்துக் கதிரையில் இருங்கள். கொஞ்ச நேரம் சேர்ந்து கோபப்படுவோம்.

அமெரிக்காவில் என்றால் டொக்டர்

லண்டனில் குட்மேய்ஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழா. என் மேசையில் இருந்த ஒரு தகப்பனின் மகனுக்கு அந்த வருடம் மருத்துவக் கல்லூரி கிடைக்கவில்லை. என் வேலை என்னவென்று கேட்டறிந்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. "என்ரை மச்சான்ரை மகள் அமெரிக்காவிலை உதுதான் படிக்கிறாள். அவள் ஒப்பரேஷனும் செய்வாளாம். அப்ப இவனை உங்கடை கொலிஜிலை சேர்த்துவிடுவம்" என்றார்.

ஒரே மனிதர் தொடக்கிய கல்விதான், ஆனால் இரண்டு நாடுகளில் இரண்டு வழியாகப் போய்விட்டது என்று பொறுமையாகச் சொன்னேன். அமெரிக்காவில் அந்தக் கல்லூரிகள் மருத்துவக் கல்வியோடு சேர்ந்துவிட்டன. அங்கே படித்தால் முழு டொக்டர். இங்கே நாங்கள் தனித் தொழிலாகவே நின்றுவிட்டோம். மருந்து எழுத ஏலாது, சத்திரசிகிச்சை செய்ய ஏலாது. என் சோறு ஆறும்வரை சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மேசையில் இருந்த மற்ற எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "அப்ப பிள்ளை, பிளேனிலை ஏற அலுப்புப்பட்டு டொக்டர் பட்டத்தை விட்டிட்டியள்!"

சட்டையைக் கழற்றாத மாணவி

எங்கள் படிப்பில் முதல் வருடத்திலிருந்தே மாணவர்கள் ஒருவர் உடம்பில் மற்றவர் பழகவேண்டும். தோள் எப்படி அசைகிறது, முள்ளந்தண்டு எங்கே வளைகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்பதால், உள்ளாடையோடு நிற்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். குரோய்டனிலிருந்து வந்த அபிராமி என்ற மாணவி சட்டையைக் கழற்ற மறுத்தாள். அந்த வகுப்பை எடுத்தவர் மார்ட்டின், எங்களுடைய மூத்த ஆசிரியர். எல்லோருக்கும் முன்னால் "நீ இந்தத் தொழிலுக்குச் சரிவரமாட்டாய்" என்று சொல்லிவிட்டார். அவள் படிக்கட்டில் இருந்து அழுதுகொண்டிருந்ததை நான் கண்டேன்.

கீழ்மாடியில் கிளினிக் அலுமாரி நிறைய, முதுகுப்பக்கம் திறந்த கவுண்கள் அடுக்கியிருக்கின்றன. நோயாளிகளுக்கு நாங்கள் கொடுப்பவை. அதில் ஓர் அடுக்கை அள்ளிக்கொண்டுபோய் மார்ட்டினின் மேசையில் போட்டேன். "தெருவால் வருகிற நோயாளியின் மானத்தைக் காக்கத் தெரிந்த எங்களுக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் மானம் தெரியவில்லையா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கவுண்களைப் பார்த்து, "எங்கள் காலத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். கேட்கவில்லையா, கேட்க விடவில்லையா என்று நான் திருப்பிக் கேட்டேன். அடுத்த வகுப்பிலிருந்து கவுண் வந்துவிட்டது.

அந்த வெற்றியை நான் அனுபவித்து முடிக்கும் முன்பே அபிராமியின் தாய் போன் எடுத்தார். "நன்றி மிஸ், உடுப்புப் பிரச்சினை தீர்ந்துதாம். இனி அந்த ஆம்பிளைப் பெடியங்களின்ரை முதுகை என்ரை பிள்ளை தொடாமல் படிக்க ஒரு வழி சொல்லுங்கோ."

எங்கடை பிள்ளையள் வேண்டாம்

சனிக்கிழமைகளில் கிளினிக்கை நடத்துபவர்கள் வார இறுதி மாணவர்கள். கிழமை முழுவதும் வேலை செய்துவிட்டு, சனி ஞாயிறில் வந்து ஐந்து வருடம் படிப்பவர்கள். அவர்களில் ஒருவர் ஜெறோம். யாழ்ப்பாணத்தார் சிலர் இளக்காரமாகப் பார்க்கும் மன்னாரைச் சேர்ந்தவர், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. வயதானவர்களைத் தூக்கி இருத்தித் தூக்கி இருத்தி, மனித உடம்பின் பாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனிதர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

பிளேஸ்டோவிலிருந்து முழங்கால் நோவோடு ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி வந்திருந்தார். ஜெறோம் வெளியே வந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டதும், அன்ரி நேராக என்னிடம் வந்து காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, குறை நினையாதேங்கோ. எங்கடை பிள்ளையள் வேண்டாம். ஒரு வெள்ளைப் பிள்ளை இருந்தா விடுங்கோ."

வெள்ளைக்காரர்கள் எங்கள் மாணவர்களை வேண்டாம் என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதற்குக் கல்லூரியில் விதி இருக்கிறது. என்ன சொல்லவேண்டும், யாரிடம் முறையிடவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். இதற்கு யார் பயிற்சி தருவது? "அன்ரி, இண்டைக்கு ஜெறோம்தான். விருப்பமில்லையெண்டா வீட்டை போங்கோ" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெறோம் முழங்காலை விட்டுவிட்டு இடுப்பைச் சோதித்தார். நோவின் வேர் அங்கேதான் இருந்தது. வைத்தியம் முடிந்து, அதற்கிடையில் அவருடைய ஊரையும் விசாரித்துவிட்ட அன்ரி அறையைச் சுற்றி நடந்து பார்த்தார். வந்தபோது இருந்த நொண்டல் பாதியாகக் குறைந்திருந்தது. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, மனதாரப் பாராட்டுகிறேன் என்ற நினைப்போடு சொன்னார்: "நல்ல கெட்டிக்காரன். மன்னார்ப் பெடியன் எண்டு சொல்லவே ஏலாது."

யோகநாதன் அண்ணை

யோகநாதன் அண்ணை மொத்த வியாபாரக் களஞ்சியம் ஒன்றில் அரிசி மூட்டை இறக்குபவர். நீண்டநாள் முதுகு நோ. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு வந்தார். ஜெறோம் வழமையான கேள்விகளைக் கேட்டுவிட்டு, பலர் கேட்கக் கூச்சப்படும் கேள்வியையும் கேட்டார்: "அண்ணை, சைக்கிள் சீற்றிலை படுற இடம் இருக்கெல்லோ, அது மரத்துப்போன மாதிரி இருக்கோ? சலம் போகக் கஷ்டமோ?" அண்ணை நிலத்தைப் பார்த்தார். பிறகு, "ஓம் தம்பி. நேற்றிலையிருந்து. உதை ஆரிட்டைச் சொல்லுறது?" என்றார்.

ஜெறோம் என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் நசிபடுகின்றன என்பதற்கான அறிகுறிகள் அவை. உடனே ஸ்கான் எடுத்து, தேவையானால் உடனே ஒப்பரேஷன் செய்யவேண்டும். பிந்தினால் போனது திரும்பாது. நாங்கள் அவருடைய முதுகைத் தொடவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன், அறிக்கை எழுதிக் கையில் கொடுத்தேன், ரக்ஸியில் ஏற்றி அனுப்பினேன்.

பின்னேரம் அண்ணையின் மனைவி அழுதுகொண்டு போன் எடுத்தார். நோவுக்குக் குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மறுநாள் காலை நானே அவர்களோடு போனேன். இளம் டொக்டர் ஒருவர் என் அறிக்கையின் தலைப்பை மட்டும் பார்த்தார். "ஒஸ்டியோபத்தா? முதுகு பிடிப்பவர்கள் சொல்வதற்கெல்லாம் ஸ்கான் எடுக்க எங்களால் முடியாது" என்றார். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மூத்த டொக்டர் வரும்வரை நிற்பேன், காவலாளியைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள் என்றேன். என் வாழ்க்கையில் நான் பொது இடத்தில் அப்படிக் கத்தியதில்லை. மூத்த டொக்டர் வந்தார். அண்ணையிடம் இரண்டு கேள்வி கேட்டார். ஸ்கான் எடுத்தார்கள். அங்கேயிருந்து நேரே ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

கால்கள் தப்பிவிட்டன. சலம் தானாகப் போவது திரும்பவில்லை. இனி ஆயுள் முழுவதும் குழாய்தான். ஆஸ்பத்திரி பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பால் யாருடைய நரம்பும் தளிர்க்கவில்லை. சில மாதங்கள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். மனைவி தேத்தண்ணி போட உள்ளே போனதும், மெல்லிய குரலில், கோபமே இல்லாமல் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் டொக்டர் எண்டு ஒரு பொய் சொல்லியிருந்தா, முதல்நாளே ஸ்கான் எடுத்திருப்பாங்களோ?"

சுவரில் இல்லாதவர்கள்

கல்லூரியின் நீண்ட நடைபாதையில் வரலாற்றுப் படங்களை மாட்டினார்கள். எங்கள் வரலாறு தொடங்குவதே ஒரு தகப்பனின் கோபத்தில். நூறு வருடங்களுக்கும் முன்னால், அமெரிக்காவில் ஒரு நாட்டுப்புற டொக்டர் தன் பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அந்தக் காலத்து மருந்துகள் எதற்கும் உதவவில்லை என்று வெறுத்து வேறு வழி தேடியவர், பிறகு பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்தார். அந்த வழியில் வந்தவர்கள்தான் லண்டனுக்கும் இதைக் கொண்டுவந்தார்கள்.

சுவர் முழுவதும் மீசைகள். ஒரு பெண்கூட இல்லை. விளம்பரப் பிரிவு மனேஜரிடம் போய்க் கேட்டேன். "பெண்கள் இருந்தார்கள்தான், நல்ல தெளிவான படம்தான் கிடைக்கவில்லை" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக முகம் மலர்ந்தார். கடைசிப் படத்துக்கு, இன்றைய கல்லூரி என்ற தலைப்பில், என்னை மாணவர்களோடு நிறுத்தி எடுக்க ஏற்கனவே தீர்மானித்திருக்கிறாராம். கிளினிக்கில் வெள்ளை மேற்சட்டையும் காற்சட்டையும் தவிர வேறெதுவும் நான் உடுத்தியதில்லை. அவர் கேட்டார்: "அன்றைக்கு மட்டும் சேலையில் வரமுடியுமா?"

வார இறுதி வகுப்பு

போன வருடத்துக்கு முந்தின வருடம் நிர்வாகம் ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோரையும் அழைத்து ஒரு கூட்டம் கூட்டியது. வார இறுதிப் படிப்பை மூடப்போகிறார்கள். புதியவர்களை எடுக்கமாட்டார்கள் என்பது மட்டுமல்ல. பாதிப் படிப்பில் இருப்பவர்களும் வார நாள் வகுப்புக்கு மாறவேண்டும், அல்லது விலகவேண்டும். ஜெறோம் அப்போது நாலாம் வருடம். வார நாளில் படித்தால் வேலை போகும்; வேலை போனால் வீடு போகும்.

சனிக்கிழமை நோயாளிகளை இனி யார் பார்ப்பது என்று நான் கேட்டேன். "நன்றி, குறித்துக்கொண்டோம்" என்றார் கூட்டத்தை நடத்தியவர். மற்ற ஆசிரியர்கள் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லி மாணவர்களை அதட்டும் மார்ட்டின், கதிரைக்குள் சுருண்டு கிடந்தார். மாணவர்களின் பக்கத்திலிருந்து ஜெறோம் எழும்பினார். அவருடைய ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை. அதனால் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஐந்து வருடம் என்று சொன்னீர்கள். நான் நம்பி வந்தேன். அடுத்த சனிக்கிழமையும் வருவேன். கதவு பூட்டியிருந்தால் வெளியே நிற்பேன்."

சொன்னபடியே வந்தார். கதவு பூட்டியிருந்தது. அவர் மட்டுமல்ல, வார இறுதி மாணவர்கள் அத்தனை பேரும் வெள்ளை மேற்சட்டையோடு கல்லூரி வாசலில் நின்றார்கள். வார நாள் மாணவியான அபிராமியும் நின்றாள். நானும் நின்றேன். வைத்தியத்துக்கு வந்த நோயாளிகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து நின்றார்கள். யோகநாதன் அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். கதிரை கொடுத்தும் இருக்கமாட்டேன் என்றார். பிளேஸ்டோ அன்ரியும் வந்தார். "எங்கடை ஜெறோமை ஆர் நிப்பாட்டுறது?" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. எங்கடை என்ற அந்தச் சொல் எப்போது எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

நிர்வாகம் பாதி இறங்கியது. படித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டுப் போகலாம். அதோடு வார இறுதிப் படிப்பு முடிந்தது. போன கோடையில் ஜெறோம் பட்டம் பெற்றார். பிள்ளைகள் இருவரும் அவருடைய தொப்பிக்குச் சண்டை பிடித்தார்கள். நான் சந்தோசமாகத்தான் கைதட்டினேன். ஆனால் போன மாதம் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண் போன் எடுத்தாள். ஜெறோம் சொல்லி எடுத்தாளாம். வார இறுதி வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டாள். இனி இல்லை என்று சொன்னேன். "அப்ப வேலை செய்யிற ஆக்கள் படிக்கேலாதோ, அக்கா?" என்றாள்.

முதுகெலும்பைப் பற்றி வருடக்கணக்காகப் பாடம் நடத்தும் எங்கள் கல்லூரியில், அது உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்தக் கூட்டம் தேவைப்பட்டது.