அந்தக் காலத்து வீடு

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்த எனக்குத் தெரிந்த ஒரே வெளிக்கள வித்தை, ஓடுகிற நூறாம் இலக்க பஸ்ஸில் சேலையோடு தொங்கி ஏறுவதுதான். ஆனாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 'அந்தக் கால வாழ்க்கை' என்று பிரதம விருந்தினரை அழைத்து ஒரு நாள் நடத்துகிறார்கள், தீ மூட்டவும் குடில் கட்டவும் பழக்கிக் கொடுக்க ஆள் தேவை என்றதும் எல்லோருக்கும் முந்திக் கையைத் தூக்கிவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு. பாதிக்கு மேல் அந்த வருடம் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளைகள். அவர்களைச் சேர்த்ததற்காகப் பள்ளிக்கூட அதிபரம்மாவைப் பொலிஸ் ஏற்கனவே விசாரித்திருந்தது. "இனி ஒரு சின்னப் பிரச்சினை வந்தாலும் இந்தப் பிள்ளையளை இஞ்ச வச்சிருக்க விடமாட்டாங்கள்," என்று அந்த அம்மா காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

கல்லோடு கல்லை உரசியதில் என் நகம்தான் உடைந்தது. பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தக் காலத்தில வீடு இல்லை. இந்த வளவுக்குள்ள இருக்கிறதை வச்சு ஒளிஞ்சிருக்க ஒரு இடம் செய்யுங்கோ பாப்பம்!"

சொல்லிவிட்டு நெருப்புப்பெட்டி வாங்கக் கன்டீனுக்குப் போனேன். பிளேன்டீ குடித்து, ஒரு மணித்தியாலம் கதை அளந்து, ஆறுதலாகத் திரும்பினால் குடிலைக் காணோம். பிள்ளைகளையும் காணோம். தோட்டத்து மண்வெட்டிகளால் வெட்டிய பெரிய குழி ஒன்று, 'ட' எழுத்து மாதிரி வளைந்து கிடந்தது. விளிம்பில் மண் நிரப்பிய அரிசிச் சாக்குகள். உள்ளே தலைகள்.

"வளைச்சு வெட்டினாத்தான் மிஸ், ஷெல் துண்டு நேர வராது," என்றாள் இரட்டைப்பின்னல் போட்ட ஒருத்தி.

"அதுக்கு ஏன் இவ்வளவு அகலம்?" என்றேன். அவள் அடுத்த சாக்கில் மண் நிரப்பப் போய்விட்டாள்.

அதிபர் வந்து அந்தப் பதுங்குகுழியை எட்டிப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, கொழும்பில பங்கரோ! விருந்தினர் பொலிஸோட வந்துகொண்டிருக்கிறார்!"

மூட நேரமில்லை. குளம் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். கடற்கரை மணல் அத்தனையையும் குடித்துவிட்டது. "பங்கருக்குத் தண்ணி விடக்கூடாது மிஸ்," என்று இரட்டைப்பின்னல் கண்டித்தாள். கடைசியில் குடிலுக்கு வாங்கிய தென்னோலைக் கிடுகுகளை மேலே பரப்பி, சாக்குகளின் மேல் மண்பானைகளை அடுக்கி, பிள்ளைகளைப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினேன்.

விருந்தினர் வந்தார். கூட வந்த பொலிஸ்காரர் குனிந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"பரண கெதர, சேர்." பழைய வீடு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் இன்னும் குனிந்தார். அதிபர் என் கையை நசுக்கினார்.

அந்த நேரம் பார்த்து இரத்மலானை விமானத்தளப் பக்கமிருந்து ஒரு பிளேன் தாழப் பறந்து வந்தது. கொழும்பில் அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் கிடுகை விலக்கிக் குழிக்குள் இறங்கினார்கள். தள்ளுப்படவில்லை. சின்ன உருவங்கள் முதலில். காதில் விரல், வாய் திறந்தபடி.

"காட்டு மிருகம் வந்தால் இப்படித்தான் ஒளிந்திருப்பார்கள்! என்ன நடிப்பு!" என்று விருந்தினர் கைதட்டினார். பொலிஸ்காரரும் நிமிர்ந்து தட்டினார். அதிபருக்கு உயிர் திரும்பியது. நாங்கள் தப்பிவிட்டோம். நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

குழிக்குள்ளிருந்து ஒரு கை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

"கெதியா இறங்குங்கோ மிஸ்," என்றாள் இரட்டைப்பின்னல். "உங்களுக்கும் சேர்த்துத்தான் அகலமா வெட்டினது."

அவர்கள் கைதட்டிக்கொண்டிருக்க, நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.