அடுப்பேறாத சாப்பாடு

எங்க அத்தான் தேவஇரக்கத்தைப் பத்தி ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுவாக. சாதித் திமிர் பிடிச்ச மனுசன்னுகூட ஒரு காலம் சொன்னாக. அது சுத்தப் பொய். கூடவே இருந்து பாத்தவ நான். பரிபூரணம் அக்காவுக்கு நான் ஒரே தங்கச்சி. என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போன இடத்துல காய்ச்சல்ல போனபொறவு, ராஜபாளையத்துல அக்கா வீட்டோடயே தங்கிட்டேன். இந்த ஜெயபாய்க்கு வாய் நீளம்பாக. இருந்துட்டுப் போகுது.

அத்தானுக்கு ஜின்னிங் பேக்டரியில பஞ்சு நிறுக்கிற வேலை. மனுசர் தடின்னா அப்படி ஒரு தடி. எங்க வீட்டு வாசல்ல ஒருச்சாய்ச்சுத்தான் நுழைவாக. "அண்ணாச்சி, பஞ்சை இறக்கிட்டு நீங்க ஏறுங்க, தராசு தாங்குதான்னு பாப்போம்"னு பேக்டரிப் பயலுவ கேலி பண்ணுவானுக. அவியளும் சேந்து சிரிப்பாக. கோவமே வராத சென்மம். சோறுன்னா மட்டும் உசுரு. அக்கா குழம்பு கூட்டும்போதே, முத்தத்துல நின்னு வாசம் பிடிச்சு, "புளி தூக்கலா இருக்கே"ன்னு சொல்லிருவாக.

அவியளுக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. இதே உடம்பு, இதே சாப்பாடு. ஒரு நாள் சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனவரு கிணத்தடியிலேயே விழுந்து போய்ட்டாரு. மறு வருசம் அத்தானுக்கும் பேக்டரியில மூச்சு முட்டிருச்சு. ராஜு முதலாளி ஓடி வந்து, "நிதானங்கா, நிதானங்கா"ன்னு அவுக தெலுங்குல மெதுவா, மெதுவான்னு சொல்லித் தாங்கிப் பிடிச்சு வண்டியில ஏத்தி விட்டாரு. காலு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. டாக்டரு ஒளிச்சு மறைச்சுப் பேசல. "உடம்பை இறக்கலன்னா அண்ணன் போன வழிதான்"னு சொல்லிட்டாரு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல சங்கரலிங்கம்னு ஒரு வாத்தியாரு. வேலையை விட்டுட்டு இயற்கை வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தாரு. யாரோ சொன்னாகன்னு அத்தான் அவருகிட்டப் போனாக. "அடுப்புல ஏறாததைத் தின்னும். ஆனா தடால்னு மாறாதேயும். காலைச் சாப்பாட்டை மட்டும் முதல்ல மாத்தும். வயிறு பழகட்டும், பொறவு ராத்திரிச் சாப்பாடு, கடைசியாத்தான் மதியம்"னு அவரு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருக்காரு. இவிய கேட்டாத்தானே! மறுநாளே மூணு வேளையும் ஊறவச்ச கடலை, வெள்ளரிக்காய், பச்சை வெண்டைக்காய்னு ஒரே மூச்சா இறங்கிட்டாக. வயித்தால போயி, சுருண்டு கிடந்து, பொறவுதான் வாத்தியாரு சொன்ன தடத்துக்கு வந்தாக.

காலையில ரெண்டு வாழைப்பழமும் தேங்காய்ச் சில்லும். அது பழகுனபொறவு ராத்திரிக்கு முளைகட்டுன பாசிப்பயறு. மதியத்துக்கு மட்டும் கொஞ்சம் சோறு. கடைசியில அதுவும் நின்னுபோச்சு. எங்க அக்கா பட்ட பாடு இருக்கே! "ஏட்டி, என் கையால ஆக்கிப் போட்டதை இந்த மனுசன் தொடலையேட்டி, நான் எதுக்குட்டி இருக்கேன்?"னு அடுப்படியில உக்காந்து மூக்கைச் சிந்துவா. ஆனா அத்தானோட மூச்சுவாங்கல் குறைஞ்சுச்சு, காலு வீக்கம் வடிஞ்சுச்சு. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆச்சு. கிறிஸ்மஸ் அன்னைக்கு மட்டும் ஒரு வாய் கறிச்சோறு தின்னாக. அந்த ஒரு வாய் ஒரு வாரத்துக்கு நிக்கல. பானையைச் சுரண்டிச் சுரண்டித் தின்னாக. பழையபடி மூச்சு இரைச்சுச்சு. "ஜெயபாய், ஒரு கவளம் உள்ள போச்சுன்னா என்னை நிறுத்த எனக்கு ஏலலை"ன்னு எங்கிட்டச் சொல்லி அழுதாக. அம்புட்டுப் பெரிய ஆளு அழுததை அன்னைக்குத்தான் பாத்தேன். அதுக்குப் பொறவு சோத்துப் பக்கமே திரும்பல.

அந்த வருசந்தான் அவிய மக அருள்செல்விக்குத் தளவாய்புரத்துல சம்பந்தம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை சத்தியநேசன் பள்ளிக்கூட வாத்தியாரு. கோயில் கூட்டத்துல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்காக. பிள்ளைக்கு அவனை விட்டா வேற ஆளு கிடையாதுன்னு அது மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். மாப்பிள்ளைக்கு அப்பா தவசிமுத்து, தோட்டம் வச்சிருந்தாரு. நாங்க தாத்தா காலத்துலேயே வேதத்துக்கு வந்தவுக. அவரு தன் காலத்துல வந்தவரு. ரெண்டு வீடும் விட்டு வந்த சாதியும் வேற வேற. அத்தான் அதையெல்லாம் ஒரு பொருட்டா நெனச்சதே இல்ல. "கர்த்தருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்"னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாக.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடியிற வரைக்கும் சம்பந்தக்காரக வீட்டுல சோத்துல கை வைக்க மாட்டாக. கை நனைச்சுட்டா முடிஞ்சுபோச்சு, அதுக்கு மேல பேச்சே இல்ல. அப்படிக் கை நனைக்கத்தான் அன்னைக்குத் தளவாய்புரம் போனோம். கிளம்பும்போதே அக்கா காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சுனா. "என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் தின்னுருங்க." "சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாக பரிபூரணம்"னுட்டாக. நெசத்தைச் சொன்னா எல்லாரும் நம்பிருவாகன்னு நெனச்ச மனுசன்.

வாழையிலை விரிச்சுச் சோறு போட்டாச்சு. தவசிமுத்து தன் கையாலேயே கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. அத்தான் இலைக்கு முன்னால உக்காந்து, துண்டு முடிச்சை அவுத்து, ஊறவச்ச பயறை எடுத்து வச்சாக. "தப்பா நினைக்காதீக. எனக்கு ரெண்டு வாழைப்பழமும் ஒரு தேங்காய்ச் சில்லும் இருந்தாப் போதும். அடுப்புல ஏறுனது உடம்புக்கு ஆகாதுன்னு வைத்தியம் பாக்கேன்"னாக.

தவசிமுத்து வாளியைக் கீழ வச்சாரு.

"என் கல்யாணத்துக்கு ஊர்ல மேல்சாதிப் பெரிய வீட்டு ஆளுக வந்தாக. இப்படித்தான் கேட்டாக. தேங்காயும் பழமும் போதும், எங்க அடுப்புல ஆக்குனது வேண்டாம்னு. வேதத்துக்கு வந்தா இது மாறும்னு நெனச்சேன்."

"ஐயோ, அப்படியில்லங்க! உடம்புக்கு முடியாமத்தான்..."

"ஆமா. அவுகளும் உடம்புக்குச் சேராதுன்னுதான் சொன்னாக."

எனக்குப் பொறுக்கல. "எங்க வீட்டுலயே அவிய சோறு திங்கிறது இல்லங்க! வேணும்னா வந்து பாருங்க!"ன்னு கத்திட்டேன். அவரு என்னை நிமிந்து பாத்தாரு. "இருக்கட்டும் தாயி. இன்னைக்கு ஒரு வாய் வச்சிருக்கலாம்லா?"ன்னாரு. கிறிஸ்மஸ் கதையை அந்தச் சபையில சொல்ல முடியுமா? யார் நம்புவா?

வண்டியேறி வீடு வந்து சேந்தோம். அருள்செல்விகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல, எங்க மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவதான். கோயில்ல எங்களைக் கண்டா சனம் ஒதுங்கிப் போச்சு. சாதி பாத்துச் சம்பந்தத்தை முறிச்சவுகன்னு பேரு. அத்தானைப் பாத்து! ஒரு ஈ எறும்புக்குக்கூட வித்தியாசம் பாக்காத மனுசனை!

மாப்பிள்ளைக்கு வேற இடம் பாக்காகன்னு சேதி வந்த அன்னைக்கு, "ஜெயபாய், கிளம்பு"ன்னாக. நேராத் தளவாய்புரம். மதிய நேரம். அத்தான் வாசல்ல நிக்காம, அடுப்படி நிலைக்கிட்டேயே போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தாக. மாப்பிள்ளைக்கு அம்மா சந்தனமேரி பதறிப்போய் எந்திரிச்சா.

"தாயி, பசிக்கு. என்ன இருக்கோ அதைப் போடுங்க."

கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்துச்சு. முதல் கவளம் வாய்க்குள்ள போனதும் கண்ணை மூடிக்கிட்டாக. எனக்குக் கிறிஸ்மஸ்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. இன்னொரு உருண்டை கேட்டாக. இன்னொண்ணு. வேர்த்து ஊத்துது, கை நிக்கல. தோட்டத்துல இருந்து வந்த தவசிமுத்து அதைப் பாத்தாரு. பொறவு மண்வெட்டியை வச்சிட்டு, கை கழுவி, பக்கத்துல வந்து உக்காந்து, "எனக்கும் போடு"ன்னாரு. "கூச்சப்படாமச் சாப்பிடுங்க சம்பந்தி"ன்னாரு. அந்த வார்த்தையைக் கேட்டதும் அத்தான் தேம்பிட்டாக.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. அத்தான் பழையபடி பச்சைக்குத் திரும்பப் பாத்தாக. முடியல. தின்னு ருசி கண்ட நாக்கு ஒரு பக்கம். தளவாய்புரத்து ஆளுக முன்னால பழத்தைக் கையில எடுக்கவே பயம் இன்னொரு பக்கம். உடம்பு பழையபடி ஏறிருச்சு.

உலகச் சண்டை நடந்த காலத்துல, அருள்செல்வி முழுகாம இருந்தப்போ பாக்கப் போனோம். அப்பா மூச்சு வாங்குறதைப் பாத்துட்டு, அவ சோத்தைப் போடல. வெள்ளரிக்காயும் தேங்காயும் நறுக்கிக் கொண்டுவந்து வச்சா. "எங்க அப்பாவுக்கு இதுதான் மாமா. அவியளுக்குச் சோறு விசம்"னு தைரியமாச் சொன்னா. தவசிமுத்துக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. அத்தான் அந்த மூஞ்சியைப் பாத்தாக, மக வயித்தைப் பாத்தாக. தட்டைத் தள்ளி வச்சிட்டாக.

"விளையாடாதட்டி. சோத்தைக் கொண்டா."

"அப்பா..."

"கொண்டாங்கேன்லா!"

அவிய சத்தம் போட்டு அன்னைக்குத்தான் கேட்டேன். அவ அழுதுகிட்டே போட்டா. அவிய தின்னாக.

அடுத்த பங்குனியில, பேக்டரியில தராசுக்குப் பக்கத்துலேயே விழுந்து போய்ட்டாக. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் போனபொறவு தவசிமுத்து மட்டும் போகாம என்கிட்ட வந்தாரு. கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு.

"அவரு அடுப்புல ஏறுனது ஆகாதுன்னது நெசந்தானா தாயி?"

"நெசந்தான் சம்பந்தி."

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

எனக்கு அடக்க முடியல. "சொன்னாகளே! உங்க வீட்டு இலைக்கு முன்னால உக்காந்து சொன்னாகளே!"ன்னேன்.